சாயம் நிற்க என்ன வேண்டும்

வெள்ளைத் துணியை முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, நாலு நிறத்தை ஊற்றி மறுநாள் பிரித்தால் ஒரு சுழல் வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையும் ஒரு மதியத்தில் கற்றுக்கொள்கிற வேலை அது. அந்தத் துணியில் தைத்த தலைப்பட்டை மூன்றாவது துவையலில் வெளுத்துப்போய், கூடக் கிடந்த வெள்ளைச் சட்டையையும் இளஞ்சிவப்பாக்கிவிடுகிறதே, அது ஏன் என்பதைத்தான் யாரும் நின்று சொல்வதில்லை. கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில் வரும்: “வினிகரில் ஊறப் போடுங்க, நிக்கும்.” கல்லுப்பு போடச் சொல்பவர்களும் உண்டு. பருத்தித் துணிக்கு இரண்டுமே மருந்தல்ல.

ஏற்காட்டிலும் கிளியூரிலும் வீட்டிலிருந்தபடியே ஸ்க்ரஞ்சி, சுருக்குப்பை, கைக்குட்டை, துணிப்பை என்று செய்து, ஏரிக்கு வரும் பயணிகளிடம் விற்கலாமே என்று நினைக்கும் பெண்களுக்கு இது முக்கியமான விஷயம். துணி மலிவு, தையல் இயந்திரம் பல வீடுகளில் இருக்கிறது, கைவேலைக்கு வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். சாயம் போனால் மட்டும் இந்தத் தொழில் ஒரு சீசனோடு முடிந்துவிடும். அதனால் சாயம் துணியை எப்படிப் பிடிக்கிறது என்பதிலிருந்தே தொடங்குவோம்.

பருத்தி இழை செல்லுலோஸ். பட்டும் கம்பளியும் புரதம். வினிகர் என்பது அமிலம். புரத இழைகளுக்கான அமிலச் சாயங்கள் பிடிக்க அந்த அமிலம் தேவை. பட்டுச் சேலைக்குச் சாயமிட்டவர் சொன்ன குறிப்பு, கைமாறிக் கைமாறி, பருத்திக் கைக்குட்டைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பருத்திக்கு இன்று வீட்டில் பயன்படுத்தத் தக்க நல்ல சாயம் ரியாக்டிவ் வகை. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ராட்டீ, ஸ்டீஃபன் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்து, 1956இல் ‘புரோசியன்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த பருத்திச் சாயங்களில் பல, இழைக்குள் நுழைந்து அங்கே தங்கிக்கொண்டன, அவ்வளவுதான். ரியாக்டிவ் சாயமோ செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பே உண்டாக்கிக்கொள்கிறது. பிணைந்தபின் அது வேறு, இழை வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் துவைத்தாலும் போவதில்லை.

இந்தப் பிணைப்பு நடக்கக் காரத்தன்மை வேண்டும். சோடா ஆஷ் எனப்படும் சோடியம் கார்பனேட்டில் நனைத்த துணியில் காரத்தன்மை 11 பிஹெச் பக்கம் ஏறுகிறது. அப்போதுதான் செல்லுலோஸ் சாயத்தோடு கைகோக்கத் தயாராகிறது. அந்த நேரத்தில் வினிகரை ஊற்றுவது காரத்தை முறித்து, நடந்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் நிறுத்துவதாகும். சாயம் நிற்க என்று செய்த காரியமே சாயம் நிற்காமல் போவதற்குக் காரணமாகிறது. உப்புக்கு ஒரு வேலை உண்டு. துணியைச் சாயத் தொட்டியில் முக்கும்போது, தண்ணீரிலிருக்கும் சாயத்தை இழையின் பக்கம் தள்ளிவிடுவது அது. தள்ளிவிடும், கட்டிப்போடாது.

சோடாவிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. கடையில் ‘சோடா’ என்று மட்டும் கேட்டால் ஆப்பச்சோடா வரலாம். அதன் காரம் மிகக் குறைவு, இந்த வேலைக்கு உதவாது. வேண்டியது சோடா ஆஷ், இல்லையென்றால் சலவைச்சோடா. படிகமாக இருக்கும் சலவைச்சோடாவின் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் என்பதால் அளவு கூடும். லிட்டருக்கு 50 கிராம் சோடா ஆஷ் என்றால், அதே பலத்துக்குப் படிகச் சோடா ஏறக்குறைய 135 கிராம் வேண்டும். முடிச்சிட்ட துணியை இந்தக் கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சாயத்தை ஊற்றலாம். சாயத்தையும் சோடாவையும் முன்னதாகவே ஒரே பாட்டிலில் கலந்து வைக்கக் கூடாது. கார நீரில் சாயம் தண்ணீரோடேயே வினைபுரிந்து செத்துவிடும். காலையில் கலந்ததை மாலையில் ஊற்றினால் நிறம் தெரியும், ஒட்டாது.

சாயம் வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டியது இன்னொன்று. இந்தியச் சந்தையில் ரியாக்டிவ் சாயத்தில் ‘எம்’ வகை, ‘ஹெச்’ வகை என்று இரண்டு பரவலாகக் கிடைக்கும். எம் என்பது சாதாரணச் சூட்டிலேயே பிடிப்பது, ஹெச்சுக்குக் கொதிக்கும் பதத்துக்குப் பக்கத்துச் சூடு வேண்டும். ரப்பர் பேண்டும் பாட்டிலுமாக வீட்டில் செய்கிறவர்களுக்கு எம் போதும். பாக்கெட்டில் வந்து, உப்புப் போட்டுக் கொதிக்க வைக்கச் சொல்லும் சாயங்களில் பல நேரடிச் சாய வகையைச் சேர்ந்தவை. அவை பருத்தியில் ஏறுவது சுலபம், இறங்குவதும் சுலபம். சுவரில் தொங்கும் அலங்காரத் துணிக்கு ஆகும். நெற்றி வியர்வையில் நனையும் தலைப்பட்டைக்கு ஆகாது. பெயர், வகை, தயாரிப்பாளர் என்று எதுவுமே இல்லாத பொட்டலச் சாயத்தைத் தொடவே வேண்டாம் என்பேன். தோலில் பட்டு உடைந்தால் தீங்கான அமீன்களை வெளிவிடக்கூடிய 70 அசோ சாயங்களைக் கையாள 1997இலேயே மத்திய அரசு தடை விதித்தது. பெயரில்லாத பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, விற்கிறவருக்கும் தெரியாது.

துணிக்கு வருவோம். பாலியஸ்டர் இந்தச் சாயத்தை ஏற்காது. கலப்புத் துணியில் பருத்தி இழை மட்டும் நிறமேறி, மொத்தத்தில் வெளிறிய தோற்றம் வரும். கடைக்காரர் சொல்லை நம்புவதைவிட ஓரத்திலிருந்து நாலு நூலை உருவி நெருப்பில் காட்டுவது நல்லது. பருத்தி காகிதம் போல எரிந்து, காகிதம் எரியும் வாசம் தந்து, தொட்டால் உதிரும் சாம்பலாகும். பாலியஸ்டர் சுருண்டு உருகிக் கெட்டியான மணியாகும். சேலத்துக் கைத்தறித் துணி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் பாவுக்குப் போட்ட கஞ்சி அதில் இருக்கும். கஞ்சி இருக்கும் இடத்தில் சாயம் கஞ்சியைப் பிடித்துக்கொண்டு, முதல் துவையலில் கஞ்சியோடு போய்விடும். புதுத் துணியைச் சோடாவும் சலவைத் தூளும் போட்டுக் கொதிக்க வைத்து அலசிய பிறகு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உருண்டு நிற்காமல் உடனே பரவினால் துணி தயார்.

சாயமிட்டபின் தைப்பதா, தைத்தபின் சாயமிடுவதா என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் சாயம், பிறகு தையல். கடையில் கிடைக்கும் தையல் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர். தைத்ததை முக்கினால் நீலப் பையில் தையல்கோடு மட்டும் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நிற்கும். ஸ்க்ரஞ்சிக்குள் போகும் எலாஸ்டிக்கும் அப்படித்தான்.

இனி முடிச்சு. தமிழ்நாட்டில் இதற்கு உரைகல்லாக மதுரைச் சுங்குடி இருக்கிறது. நாயக்கர் காலத்தில் மதுரையில் குடியேறிய சௌராஷ்டிரர்கள் வளர்த்த கலை. 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. சேலத்திலும் சௌராஷ்டிரர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். நெசவும் சாயமும் அவர்களுக்குப் பரம்பரைத் தொழில். சுங்குடி கட்டும் கையைக் கிட்டத்தில் பார்த்தால் வேலையின் நுட்பம் புரியும். இடது கை விரல் நகத்தால் துணியில் ஒரு கடுகளவு புள்ளியைத் தூக்கி, அதன் கழுத்தில் வலது கை நூலை இரண்டு மூன்று சுற்று இறுக்கி, அறுக்காமல் அப்படியே அடுத்த புள்ளிக்கு நகரும். நூல் ஒரே ஓட்டமாக ஓடும். ஒரு சேலையில் இப்படி ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். சாயமிட்டு உலர்ந்தபின் துணியை இருபுறமும் பிடித்துச் சட்டென்று இழுத்தால் முடிச்சுகள் படபடவென்று தெறித்து அவிழும். நூல் இருந்த இடத்தில் வெள்ளை வளையமும் அதன் நடுவில் நிறப்பொட்டுமாகப் புள்ளி நிற்கும். எந்த இரண்டு புள்ளியும் ஒரே அளவில் இருக்காது. துணியும் அந்த இடத்தில் லேசாகக் குவிந்திருக்கும், விரலால் தடவினால் தெரியும். இன்று சுங்குடி என்று விற்பனையாவதில் கணிசமான பகுதி மெழுகு அச்சும் திரை அச்சும்தான். அச்சுத் துணி குறைந்ததல்ல. அதைக் கைமுடிச்சு என்று சொல்லி விற்பதைத்தான் ஏற்க முடியாது.

வீட்டில் செய்கிறவர் சேலை அளவு முடிச்சுப் போடத் தேவையில்லை. ஒரு கைக்குட்டையில் நாற்பது ஐம்பது புள்ளி போட்டாலே அழகு வந்துவிடும். ஓரம் கூர்மையாக வர இரண்டு விஷயம் உதவும். ஒன்று, ரப்பர் பேண்டைவிட நூல் இறுக்கமாகப் பிடிக்கும். இரண்டு, துணியைச் சாயத்தில் விடுமுன் நனைத்துப் பிழிந்திருக்க வேண்டும். ஈரத்தில் இழை உப்பி, நூலுக்கடியில் இருக்கும் சந்துகள் அடைபட்டுவிடுவதால் சாயம் உள்ளே ஊர்வது குறைகிறது. காய்ந்த துணி திரியைப் போலச் சாயத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு நிறம் வேண்டுமென்றால் வெளிறியது முதலில், அடர்ந்தது பிறகு. மஞ்சளில் முக்கி, மஞ்சளாகவே நிற்க வேண்டிய இடங்களைக் கட்டிவிட்டுச் சிவப்பில் முக்குவது பழைய முறை.

சமவெளியில் இருப்பவர் எழுதிய குறிப்பை மலையில் அப்படியே பின்பற்றினால் பிசகுகிற இடம் ஒன்று இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் மார்கழி இரவு சேலத்து இரவு அல்ல. குளிர்நீரில் பிடிக்கும் சாயம் என்று பெயர் இருந்தாலும், எம் வகைச் சாயத்துக்கு 20 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். அதற்குக் கீழே போகப் போக வினை மந்தமாகிவிடும். சேலத்தில் கோடையில் ஆறு மணி நேரத்தில் முடிகிற காரியம், இங்கே பனிக்கால ராத்திரியில் விடிந்தாலும் முடிந்திருக்காது. டர்க்காய்ஸ் என்கிற மயில்நீலத்துக்குச் சூடு இன்னும் கூடுதலாக வேண்டும். மலையில் செய்த துணியில் முதலில் வெளுப்பது அந்த நிறமாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாயமூற்றிய துணியைக் காய விடாமல் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வெதுவெதுப்பான நீரில் நிறுத்திய வாளியில் வைத்து, வாளியைப் பழைய கம்பளியால் போர்த்தி 24 மணி நேரம் விட்டால் போதும். அடுப்புக்குப் பக்கத்து மூலையும் ஆகும், அந்த நேரம் அடுப்பில் சமையல் இல்லாமல் இருந்தால்.

சாயம் போவதாகச் சொல்லப்படும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் அலசல் போதாத புகார்கள். எவ்வளவு கவனமாகச் செய்தாலும், ஊற்றிய ரியாக்டிவ் சாயத்தில் கணிசமான பங்கு துணியோடு பிணையாமல் தண்ணீரோடு வினைபுரிந்து வீணாகிப்போகும். அந்த வீண்சாயம் துணிக்குள்தான் உட்கார்ந்திருக்கும். அதைக் கழுவி எடுக்காமல் காயப்போட்டுவிட்டால், வாங்கியவரின் துவையலில் வெளிவந்து பக்கத்துத் துணியில் ஏறும். முதலில் முடிச்சை அவிழ்க்காமலேயே குளிர்ந்த நீரில் அலச வேண்டும், சோடா போகும்வரை. பிறகு அவிழ்த்து, கை பொறுக்காத வெந்நீரில் சலவைத் தூளோடு ஊறவைத்து அலசி, நீர் தெளியும்வரை திரும்பத் திரும்ப மாற்ற வேண்டும். வெந்நீர்தான் இதில் முக்கியம். குளிர்நீரில் எத்தனை முறை அலசினாலும் இழைக்குள் சிக்கிய வீண்சாயம் முழுதாக வெளியேறாது. நீரின் கடினத்தன்மையும் கணக்கில் வரும். கால்சியமும் மக்னீசியமும் நிறைந்த போர்வெல் நீரில் சோடா போட்டால் வெள்ளையாகத் திப்பி படிந்து நிறம் மங்கும். சேமித்த மழைநீர் இருந்தால் கடைசி அலசலுக்காவது அதை வைத்துக்கொள்ளலாம்.

“ரசாயனமே வேண்டாம், இயற்கைச் சாயம் போடுகிறோம்” என்பவர்களை நான் மதிக்கிறேன். ஏற்காட்டில் அதற்கு அருமையான பொருள் ஒன்று குப்பையில் போகிறது: பட்டர் ஃப்ரூட் கொட்டை. கொட்டையைக் கழுவி, நாலாக வெட்டி, சிறு தீயில் கொதியாமல் ஒரு மணி நேரம் வைத்தால் முதலில் தண்ணீர் சலித்த தேநீர் நிறத்தில் இருக்கும். ஒரு சிட்டிகை சோடா போட்டதும் சிவக்கத் தொடங்கும். அதில் ராத்திரி முழுவதும் கிடந்த பருத்தித் துணி மறுநாள் மங்கிய ரோஜா நிறத்தில் வரும். கொட்டையிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் பருத்தியைத் தானே ஓரளவு பிடித்துக்கொள்கிறது. காபிச் சக்கையும் கிடைக்கிறது, ஆனால் பருத்தியில் அது வெளிறிய பழுப்புக்கு மேல் போகாது. எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டால் நல்லது.

மற்ற இயற்கை நிறங்களுக்குப் பருத்தியில் பிடிமானம் கொடுக்க வேண்டும். சேர்வராயன், கொல்லிமலைக் காடுகளில் விளையும் கடுக்காய்க்கு இங்கே வேலை இருக்கிறது. கடுக்காய்த் தூள் நீரில் ஊறவைத்து உலர்த்தி, பிறகு படிகாரக் கரைசலில் போட்ட துணியில் வெங்காயத் தோலின் பொன்னிறமும் செண்டுமல்லியின் மஞ்சளும் நன்றாக நிற்கும். கடுக்காய் ஏறிய துணியில் அன்னபேதி பட்டால் கறுக்கும். சாம்பல் நிறம் வேண்டுமானால் அதுவே வழி. மயில்துத்தம் பச்சையை ஆழமாக்கும் என்பது உண்மைதான், ஆனால் அது செம்பு உப்பு, நஞ்சு. பிள்ளைகள் நடமாடும் வீட்டில் அதற்கு இடம் வேண்டாம். இயற்கைச் சாயம் என்பதாலேயே எல்லாம் பாதுகாப்பு என்று ஆகிவிடாது.

மஞ்சளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் முதலில் எடுப்பது அதைத்தான். எந்த உதவியும் இல்லாமல் பருத்தியில் பளிச்சென்று ஏறும். ஆனால் வெயில் அதற்கு எதிரி. மொட்டை மாடியில் சில நாள் காய்ந்தால் பாதி நிறம் பறந்துவிடும். காரம் பட்டால் சிவக்கும். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து ஆரத்தி கரைப்பது இந்தக் குணத்தை வைத்துத்தான். சோப்புப் போட்ட இடமெல்லாம் துணி செம்மண் நிறமாவதும் அதனால்தான். போதாததற்கு அதன் நிறம் எண்ணெயில் கரையும், தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைக்கு மஞ்சள் தோய்த்த தலைப்பட்டை பொருந்தாது. வீட்டில் வைத்து மகிழலாம். விலைக்குக் கொடுக்கக் கூடாது.

விலைக்குக் கொடுக்குமுன் செய்ய வேண்டிய சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைப் பருத்தித் துண்டை நனைத்து, சாயத் துணிமேல் அழுத்தி இருபது முறை தேய்த்துப் பாருங்கள். அதே துண்டோடு சுருட்டி ஈரமாக ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் மறுபடி வெந்நீர் அலசல்தான். அதற்கும் அடங்கவில்லை என்றால் அந்தத் துணியைப் பைக்கு உள்துணியாக வைத்துக்கொள்ளலாம். தொடங்குகிறவர்கள் தலைப்பட்டையில் தொடங்காமல் துணிப்பையில் தொடங்குவது என் பரிந்துரை. தோலோடு ஒட்டிக் கிடக்காது, அடிக்கடி துவைபடாது, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்துக்குப் பிறகு பையைக் கையில் எடுத்துப் போகும் பழக்கமும் கொஞ்சம் திரும்பியிருக்கிறது.

உடம்புக்கான எச்சரிக்கை சிலதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரியாக்டிவ் சாயத் தூள் மூச்சில் போனால் சிலருக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வரும். தூளைக் கரைக்கும்வரை முகக்கவசம் வேண்டும், மின்விசிறி நிற்க வேண்டும், பிள்ளைகள் அப்பால் இருக்க வேண்டும். கரைத்தபின் கையுறையோடு அவர்களும் சேரலாம். சாயத்துக்கு எடுத்த பாத்திரமும் கரண்டியும் சமையலறைக்குத் திரும்பவே கூடாது, அது இயற்கைச் சாயமானாலும் சரி.

இவ்வளவுக்கும் பிறகு வாளியில் மிஞ்சியிருக்கும் நிறத்தண்ணீரை எங்கே ஊற்றுவது? மலையில் இருப்பவர் இந்தக் கேள்வியைத் தள்ளிவைக்க முடியாது. ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர்தான் ஏறத்தாழ 300 அடி உயரத்திலிருந்து கிளியூர் அருவியாக விழுகிறது. மேலே கலந்தது கீழே போகும். கீழே சேலத்தில் திருமணிமுத்தாறு சாயக்கழிவால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள். அந்த ஆறும் சேர்வராயன் மலையில் பிறந்ததுதான். திருப்பூரில் நொய்யல் கெட்டுப் பாசன நிலம் பாழானபோது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் 700க்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விஷயம் முற்றியது. அங்கே நிலத்தை முடக்கியதில் நிறத்தைவிட உப்புக்குப் பங்கு அதிகம். நிறம் கண்ணுக்குத் தெரியும். கரைந்த உப்பு தெரியாமலேயே மண்ணில் தங்கும்.

ஒரு வீட்டின் ஒரு வாளி நொய்யலை உண்டாக்காது, உண்மை. பத்துக் கைக்குட்டைக்கு ஊற்றிய நீரைப் பக்குவம் பார்த்துக் கழிக்கலாம். தொட்டியில் முக்கும் முறைக்குப் பதில் பாட்டிலால் ஊற்றும் முறையை எடுத்துக்கொண்டால் உப்பே தேவைப்படாது. சோடா நீரை அடுத்த துணிக்கு மறுபடி பயன்படுத்தலாம். கடைசியில் மிஞ்சும் கார நீரில் கொஞ்சம் கொஞ்சமாக வினிகர் விட்டு நுரைப்பு அடங்கும்வரை முறித்துவிட்டு, வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குப் போகும் குழாயில் நிறையத் தண்ணீரோடு விட வேண்டும். வினிகருக்கு இந்த வேலையில் உண்மையான இடம் இதுதான். காபிச் செடிக்கோ, மிளகுக்கொடிக்கோ, ஓடைக்கோ அந்த நீர் போகக் கூடாது. காபி புளிப்பு மண்ணை விரும்பும் செடி, சோடா அதற்கு ஆகாது.

ஒரு மகளிர் குழு மாதம் சில நூறு துணி என்று வளர்ந்துவிட்டால் வாளிக் கணக்குச் செல்லாது. அப்போது ஒரு பிரிவினை நல்லது. முடிச்சுப் போடுவதை மலையிலேயே செய்யலாம். கட்டிய துணியைச் சுத்திகரிப்பு வசதியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதியும் உள்ள ஒரு சாயப்பட்டறைக்குக் கீழே அனுப்பி, சாயமேற்றி வாங்கி, மறுபடி மேலே கொண்டுவந்து அவிழ்த்து, வெட்டி, தைத்து விற்கலாம். பேருந்துச் செலவும் பட்டறைக் கூலியும் சேர்வதால் ஒரு பையின் விலை கொஞ்சம் ஏறும். அந்தக் காரணத்தைப் பைக்குள் ஒரு சிறு சீட்டில் எழுதி, முதல் துவையலைத் தனியாகப் போடச் சொல்லும் குறிப்பையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.